மூத்தம்மாவின் ஒன்பது போத்தல்கள்

எங்கள் வீட்டுக் குசினி அலமாரியின் மேல்தட்டில் ஒன்பது போத்தல்கள் இருந்தன. இரண்டு மார்மைட் போத்தல், மூன்று ஜாம் போத்தல், ஒரு பழைய கோடியல் போத்தல், மற்றவை எதுவென்று சொல்ல முடியாதவை. எல்லாம் மூத்தம்மாவுடைய மருந்துகள். இருமலுக்கு ஒன்று, வயிற்றுப் பொருமலுக்கு ஒன்று, மூட்டு வலிக்குப் பூச ஒன்று. ஒன்றிலும் பெயர் எழுதியிருக்கவில்லை. ஏன் எழுதுவதில்லை என்று நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

"என்ட போத்தலுக்கு எழுத்து என்னத்துக்கு புள்ள? மூக்கு இரிக்கிதானே" என்பார்.

உண்மைதான். மூடியைத் திறந்து ஒரு தடவை முகர்ந்தால் போதும், எது எந்த மாதம் ஊறவைத்தது என்றுகூடச் சொல்லிவிடுவார். நோன்பு காலத்தில் நடந்த ஒரு சம்பவம்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு பாடத்துக்கு வருவோம்.

மூத்தம்மாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம். கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரைகளில் ஒன்று கிளிக்லசைட். அது சதையியிலிருந்து இன்சுலினைச் சுரக்கச் செய்யும் வகையைச் சேர்ந்தது. நோன்பு பிடிக்க வேண்டாம், நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது என்று வாப்பா எவ்வளவோ சொல்லியும் மூத்தம்மா கேட்கவில்லை. சஹருக்கு எழும்பி இரண்டு வாய் சோறு தின்றார், மாத்திரையை விழுங்கினார். அதற்கு மேல் தனது கோத்தல ஹிம்புட்டுக் கிண்ணத்துத் தண்ணீரையும் குடித்திருக்கிறார். அந்தக் கிண்ணத்தை வாப்பா கண்டியிலிருந்து வாங்கி வந்தார். இரவில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் மாறியிருக்கும்.

அஸர் நேரம் மூத்தம்மாவின் நெற்றியில் வியர்வை கொட்டியது. கை நடுங்கியது. உம்மாவைப் பார்த்து, எப்போதோ மௌத்தாகிய தன் ராத்தாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சீனி குறைந்துவிட்டது என்று விளங்கியது. உம்மா சீனி போட்டுச் சாயத் தண்ணி கொடுத்தார். பத்து நிமிடமாகியும் தெளிவு வரவில்லை. பேரீச்சம்பழத்தைக் கரைத்து நாக்கில் வைத்துக்கொண்டே வேனில் ஏற்றினோம்.

வைத்தியசாலையில் விரலில் குத்திப் பார்த்தபோது 48 காட்டியது. டொக்டர் நாளத்தில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே கேட்டார்: "இந்த மாத்திரையைத் தவிர வேறு என்ன குடிக்கிறார்?"

எங்கள் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அலமாரியில் ஒன்பது போத்தல் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அவற்றில் என்ன இருக்கிறது என்பது ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அந்த நேரம் அவருக்குத் தன் மகளின் பெயரே தெரியவில்லை.

அல்ஹம்துலில்லாஹ், மூத்தம்மா மறுநாளே வீடு வந்து சேர்ந்தார். உயர்தரத்தில் உயிரியலும் இரசாயனமும் படிக்கிற எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. பெருநாள் விடுமுறையில் ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்துக்கொண்டு மூத்தம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். இனி வருவதெல்லாம் அந்தக் கொப்பியில் உள்ளவை.

மூலிகையைத் திரவம் ஒன்றில் நாட்கணக்காக ஊறவைத்து, அதன் சத்தை இறக்கி எடுப்பதை ஆங்கில மருத்துவத்தில் டிங்சர் என்கிறார்கள். டிங்சர் அயடீன் எல்லோருக்கும் தெரியும். முழங்காலில் பட்டால் துள்ள வைக்கும் அதே சாமான்தான். அங்கே அயடீன் அற்ககோலில் கரைந்திருக்கிறது. மூலிகை டிங்சரிலும் கரைப்பான் அற்ககோல்தான். உலர்ந்த மூலிகை ஒரு பங்கு, அற்ககோலும் நீரும் கலந்த திரவம் ஐந்து பங்கு, இரண்டு வாரம் இருட்டில் ஊறல், தினமும் ஒரு குலுக்கல், பிறகு வடிகட்டல். இதுதான் வழக்கமான முறை. அற்ககோல் செடியிலுள்ள வாசனை எண்ணெய்களையும் பிசினையும் கசப்பான அல்கலோயிட்டுகளையும் நன்றாகக் கரைக்கும். கிருமி வளரவும் விடாது. மருந்து வருடக்கணக்கில் கெடாமலிருக்கும்.

ஆனால் எங்கள் வீடுகளில் அது நடக்கிற காரியமில்லை. மருந்துக்காக மது தயாரிப்பதைப் பற்றிக் கேட்ட ஒரு தோழருக்கு நபி (ஸல்) அவர்கள் அதை மருந்தாகவே ஏற்றுக்கொள்ளாமல் மறுத்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. பாமசியில் வாங்கும் இருமல் மருந்தில் சிறிதளவு அற்ககோல் இருந்தால் என்ன, அரிஷ்டத்தில் தாதகிப்பூ போட்டுப் புளிக்க வைக்கும்போது தானாக உண்டாகும் அற்ககோலின் நிலை என்ன என்பதெல்லாம் உலமாக்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள். அதில் நான் தலையிட மாட்டேன். என் கேள்வி சின்னது. அற்ககோல் இல்லாமல் மூத்தம்மா எப்படி மருந்தை இறக்கினார்?

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். அற்ககோல் என்ற சொல்லே அரபியிலிருந்து போனது. அல்-குஹ்ல் என்றால் நாம் கண்ணுக்கு இடும் சுறுமா. நுண்மையாக அரைத்த தூளைக் குறித்த சொல், ஐரோப்பாவுக்குப் போய்ப் பொருள் மாறி, வடித்தெடுத்த சாரத்தின் பெயராகிவிட்டது. வாசனைப் பொருள்களைக் காய்ச்சி வடிப்பது பற்றி ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அல்-கிந்தி நூல் எழுதியிருக்கிறார். கலியாண வீட்டில் தெளிக்கும் பன்னீரும் அந்த வழியில் வந்ததே. நாங்கள் உயர்தர இரசாயனத்தில் கறுவா எண்ணெய்யைக் கொதிநீராவியால் காய்ச்சி வடிக்கப் படிக்கிறோம். யூனானி மருத்துவர்கள் அதே வேலையைச் செய்து கிடைப்பதை அர்க் என்கிறார்கள்.

இப்போது அலமாரிக்குத் திரும்புவோம். மூத்தம்மாவின் மருந்துகளை நான் வருத்தங்களின்படி பிரிக்கவில்லை. எதில் ஊறியது என்று பார்த்துப் பிரித்தேன். அப்படிப் பிரித்ததும் ஒரு விசயம் தெளிவாகியது. மூத்தம்மா பாடசாலையில் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனாலும் எந்தச் செடியை எந்தத் திரவத்தில் போட வேண்டும் என்பதில் அவருக்குப் பிழை வரவில்லை.

இரண்டு மஞ்சள்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று கறிக்குப் போடும் மஞ்சள். மற்றது பஸ்பங்குவப் பொட்டலத்தில் வரும் மரமஞ்சள், சிங்களத்தில் வெனிவெல்கெட்ட. பஸ்பங்குவ என்றால் ஐந்து பங்கு. மரமஞ்சள், பற்படாகம், கண்டங்கத்தரி, கொத்தமல்லி, இஞ்சி ஆகிய ஐந்தும் அதில் சேரும். மரமஞ்சளை மூத்தம்மா எப்போதும் தண்ணீரில் போட்டு அவிப்பார். கறி மஞ்சளை ஒருநாளும் வெறும் தண்ணீரில் அவிக்க மாட்டார். பாலில் போடுவார், அல்லது எண்ணெயில் காய்ச்சுவார். ஏன் என்று கேட்டால், "தண்ணியில மஞ்சள் சாகும்" என்பார்.

இதை நான் ஆய்வுகூடத்தில் ஆசிரியையின் அனுமதியோடு செய்து பார்த்தேன். மூன்று சோதனைக் குழாய்களில் ஒவ்வொரு சிட்டிகை மஞ்சள் தூள். ஒன்றில் நீர், ஒன்றில் எதனோல், ஒன்றில் தேங்காய் எண்ணெய். குலுக்கி அரை மணி நேரம் வைத்தேன். எதனோலும் எண்ணெயும் ஆழ்ந்த மஞ்சளாகின. நீரில் தூள் அடியில் படிந்து கிடந்தது, மேலே வெளிறிய கலங்கல் மட்டும்தான். மஞ்சளின் நிறமாகிய குர்குமின் நீரில் கிட்டத்தட்டக் கரையாது. மரமஞ்சளின் நிறம் பேபரின் என்ற அல்கலோயிட். செடியில் அது உப்பாக இருப்பதால் சுடுநீரில் இறங்கும், எண்ணெயில் இறங்காது. முனைவுள்ளது முனைவுள்ளதில் கரையும், முனைவற்றது முனைவற்றதில் கரையும் என்று கொப்பியில் நாங்கள் எழுதி வைத்திருப்பதும் மூத்தம்மா சொன்னதும் ஒன்றே.

நொச்சி, கற்பூரவள்ளி போன்ற வாசனை இலைகளின் கதை வேறு. கற்பூரவள்ளியின் வாசம் காவக்ரோல், தைமோல் போன்றவற்றால் வருவது. இவை நீரில் குறைவாகவே கரையும், சூட்டில் ஆவியோடு பறந்துவிடும். அதனால்தான் இந்த இலைகளை அவிக்கும்போது மூத்தம்மா மூடியை எடுக்க விடமாட்டார். நொச்சியை அவித்தால் தண்ணீரைக் குடிக்கத் தரமாட்டார். போர்வையைப் போர்த்தி ஆவி பிடிக்கச் சொல்வார். சத்து எங்கே போகிறதோ அங்கே நம்மைக் கொண்டுபோய் வைக்கிறார்!

அற்ககோலின் இடத்தை எங்கள் வீட்டில் பிடித்திருப்பது வினாகிரி. வினாகிரியை நல்ல தொடுகறி என்று நபியவர்கள் புகழ்ந்தது நாம் அறிந்ததே. பாடத்தின்படி பார்த்தால், தென்னங்கள்ளிலுள்ள எதனோலை அசற்றோபக்ரர் பற்றீரியா ஒட்சியேற்றித் தருவதுதான் நம் நாட்டுத் தென்னை வினாகிரி. அதில் அசற்றிக்கமிலம் நூற்றுக்கு நாலைந்து பங்குதான், மீதி அநேகமாக நீர். ஆகவே எண்ணெய்த் தன்மையானவற்றை இறக்குவதில் அது அற்ககோலுக்கு ஈடாகாது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அல்கலோயிட்டுகள் காரத் தன்மையுள்ளவை, அமிலத்தோடு சேர்ந்து உப்பாகி நீரில் இறங்கும். காப்பிலும் அது கெட்டி. பொட்டுலிசம் என்ற கொடிய நஞ்சை உண்டாக்கும் பற்றீரியா பீ.எச். 4.6க்குக் கீழே வளராது. வினாகிரியின் பீ.எச். அதைவிட நன்றாகவே குறைவு. பச்சை உள்ளியைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெளியே வைக்கிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது அந்த பற்றீரியாவுக்குத் தோதான இடம், ஏனெனில் அங்கே காற்றும் இல்லை, அமிலமும் இல்லை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வினாகிரியும் தேனும் சேர்ந்த பானத்தின் பெயர் சிகன்ஜபீன். சிர்கா என்றால் வினாகிரி, அங்கபீன் என்றால் தேன், இரண்டும் பாரசீகச் சொற்கள். கிரேக்கரிடமிருந்து அரபு மருத்துவர்களுக்கு வந்தது. இப்னு ஸீனா போன்றவர்களின் வழியில் யூனானியில் நிலைத்தது. யூனானி என்றாலே கிரேக்கருடையது என்றுதான் பொருள். மூத்தம்மாவுக்கு இந்தப் பெயர் தெரியாது. அவர் "புளித்தேன்" என்கிறார். அந்தப் பெயர் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.

செய்முறைக்கு வருவோம். இருமலுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் எங்கள் வீட்டில் செய்வது இது. மூத்தம்மா பிடி, சிட்டிகை என்று சொன்னதை மின்தராசில் நிறுத்து எழுதியிருக்கிறேன். அவருடைய ஒரு பிடியும் என்னுடைய ஒரு பிடியும் ஒன்றல்ல என்பதை அன்றுதான் கண்டேன். கொத்தமல்லியில் மட்டும் பாதிக்குப் பாதி வித்தியாசம்.

சுக்கு 20 கிராம், கொத்தமல்லி 10 கிராம், உலர்ந்த துளசி 10 கிராம், உலர்ந்த கற்பூரவள்ளி 10 கிராம். தென்னை வினாகிரி 250 மில்லிலீற்றர். கற்பூரவள்ளி சாறு நிறைந்த தடித்த இலை. பச்சையாகப் போட்டால் அதன் நீர் வினாகிரியை நீர்த்துவிடும், அமிலம் குறைந்தால் காப்பும் குறையும். ஆகவே நிழலில் காய வேண்டும். எங்கள் ஊர் ஒருபக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் உள்ள மணல் நிலம். மார்கழி, தை மாதக் காற்றில் ஈரம் அதிகம், இலை காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். ஆனி, ஆடியில் காய்ந்தால் நாலைந்து நாளில் கையில் நொறுங்கும். மூத்தம்மா அந்த மாதங்களிலேயே வருடத்துக்குத் தேவையானதைக் காயவைத்துவிடுகிறார்.

கண்ணாடிப் போத்தலைக் கொதிநீரில் கழுவி ஒரு சொட்டு ஈரமில்லாமல் உலர்த்துங்கள். சுக்கையும் மல்லியையும் ஒன்றிரண்டாக இடியுங்கள். மாவாக்கினால் வடிகட்டும்போது அழ வேண்டிவரும். எல்லாவற்றையும் போட்டு வினாகிரியை ஊற்றுங்கள். இலை ஒன்றும் மேலே தலைநீட்டக் கூடாது, நீட்டிய இடத்தில்தான் பூஞ்சணம் தொடங்கும். உலோக மூடியை வினாகிரி அரித்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் மூடி நல்லது, இல்லையென்றால் மூடிக்குக் கீழே ஒரு பொலித்தீன் துண்டு வையுங்கள். வெளிச்சம் படாத அலமாரியில் 14 நாள். நான் சுபஹு தொழுததும் குலுக்கினேன், அப்படி வைத்துக்கொண்டால் மறக்காது. பதினைந்தாம் நாள் வெள்ளைத் துணியில் பிழிந்து, ஒரு இரவு தெளியவிட்டு, மறுபடி வடிகட்டுங்கள். ஏறக்குறைய 200 மில்லிலீற்றர் கிடைக்கும். அதே அளவு தேன் சேர்த்துக் கலக்குங்கள், சுடவைக்கத் தேவையில்லை. பெரியவர்களுக்கு ஒரு தேக்கரண்டி, அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில், நாளுக்கு இரண்டு தடவை. தண்ணீர் கலக்காமல் குடித்தால் தொண்டையும் பல்லும் பாதிக்கும்.

நான் முதலில் செய்த போத்தல் வீணாகிவிட்டது. பச்சைக் கற்பூரவள்ளியை அவசரத்தில் போட்டிருந்தேன். ஒன்பதாம் நாள் மேலே வெள்ளைப் படலம். எடுத்துவிட்டுக் குடிக்கலாமா என்று கேட்டேன். மூத்தம்மா ஒன்றும் பேசாமல் போத்தலை வாங்கிக் கிணற்றடியில் கொட்டினார்.

இந்தப் புளித்தேன் யாருக்கு ஆகாது என்பதையும் எழுத வேண்டும். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் எந்த வடிவத்திலும் கொடுக்கக் கூடாது, பொட்டுலிசம் வித்துக்கள் அதில் இருக்கக் கூடும். சீனி வருத்தக்காரருக்குத் தேனும் சீனிதான். ஆகவே இதைச் செய்யக் கற்றுத்தந்த மூத்தம்மாவுக்கே இது ஆகாது! இரைப்பைப் புண் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வோபரின் குடிப்பவர்கள் இஞ்சி, உள்ளி மருந்துகளை டொக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது. மிளகு சேர்த்தால் காரமாக இருக்குமே என்று சிலர் நினைப்பார்கள். மிளகிலுள்ள பைப்பரின் வேறு சில மாத்திரைகள் இரத்தத்தில் சேரும் அளவைக் கூட்டிவிடும் என்பதால் நான் அதை விட்டுவிட்டேன். காய்ச்சலோடு வரும் இருமலுக்கு இதை நம்பியிருக்காதீர்கள். மாரி காலத்தில் எங்கள் பகுதியில் டெங்கு வருகிறது, அதற்கு இரத்தப் பரிசோதனைதான் வழி.

செடியை அடையாளம் காண்பதற்கு ஒரு தனிக் கட்டுரையே வேண்டும். மாலகாவில் பிறந்த இப்னுல் பைத்தார் 1248இல் மௌத்தாகும்வரை ஊர் ஊராகப் போய்ச் செடிகளை நேரில் பார்த்து, சுமார் 1400 மருந்துப் பொருள்களைத் தொகுத்தார். நேரில் பார்க்காமல் எழுதுவதில் அவருக்கு நம்பிக்கை இருக்கவில்லை. எங்களுக்கோ வாவிக்கரையே போதுமான எச்சரிக்கை. கண்டல்களோடு தில்லை மரமும் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஊமத்தம் பூ பார்க்க அழகு, விதை உயிரைக் குடிக்கும். இலையைப் படமெடுத்துத் தொலைபேசியில் அடையாளம் பார்த்துவிட்டு மருந்து செய்வதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

மூத்தம்மா செடியறிவை யாரிடம் கற்றார் என்று கேட்டபோது, எதிர்பாராத பதில் வந்தது. பாதி தன் உம்மாவிடம். மீதி, படுவான்கரையிலிருந்து வரும் ஒரு தமிழ்ப் பெண்ணிடம். மண்முனைத்துறையில் பாலம் வருவதற்கு முன்பு, பாதையில் ஏறி வாவியைக் கடந்து, கடகப்பெட்டியில் வேரும் பட்டையும் கொண்டு வருவாராம். எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, எது எந்த நோய்க்கு, எது சிறுபிள்ளைக்கு ஆகாது என்றெல்லாம் சொல்லிவிட்டுப் போவாராம். தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு அவர் வரவில்லை. மூத்தம்மாவும் அக்கரைக்குப் போகவில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாப்பா ஒருமுறை கொக்கட்டிச்சோலைப் பக்கம் மூத்தம்மாவைக் கூட்டிச் சென்று விசாரித்திருக்கிறார். பெயர் மட்டும் தெரியும், ஊர் சரியாகத் தெரியாது. கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டங்கத்தரி வேரை இப்போது கடையில் பொட்டலமாக வாங்குகிறோம். அதைப் பிரிக்கும்போதெல்லாம் மூத்தம்மா, "இது அவ கொண்டுவாற வேர் மாதிரி இல்ல" என்று சொல்லாமல் விடமாட்டார்.

இனி அந்தக் கிண்ணம். கோத்தல ஹிம்புட்டு வெறும் நம்பிக்கை அல்ல. 1997இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அதிலிருந்து சலசினோல் என்ற சேர்வையைப் பிரித்தெடுத்தார்கள். சிறுகுடலில் மாப்பொருளையும் சீனியையும் உடைக்கும் அல்பா குளுக்கோசிடேஸ் நொதியத்தை அது தடுக்கிறது. உடையாத சீனி இரத்தத்துக்குள் போகாது, அதனால் சாப்பாட்டுக்குப் பின் சீனி ஏறுவது குறையும். அக்கார்போஸ் என்ற ஆங்கில மாத்திரையும் இதே வேலையைத்தான் செய்கிறது. அந்த மாத்திரை குடிப்பவருக்குச் சீனி இறங்கிவிட்டால் சாதாரண சீனி கொடுத்து உடனே பயன் கிடைக்காது, குளுக்கோஸே கொடுக்க வேண்டும். ஏனென்றால் நாம் தேத்தண்ணிக்குப் போடும் சீனி சுக்குரோசு. அதை உடைக்க வேண்டிய நொதியத்துக்குத்தான் பூட்டுப் போட்டிருக்கிறதே!

இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அன்று உம்மா கொடுத்தது சீனித் தேத்தண்ணி. கிண்ணத்தின் மேல் முழுப் பழியையும் போட முடியாது. நோன்பும், மாத்திரையும், இரண்டு வாய்ச் சோறும் சேர்ந்துதான் அந்த 48. ஆனால் தேனிலும் பேரீச்சம்பழத்திலும் பெரும்பாலும் உள்ளவை குளுக்கோசும் பிரக்ரோசும். அவை ஏற்கனவே உடைந்தவை. அலமாரியில் தேன் இருந்தது. கிண்ணத்தில் என்ன இருக்கிறது, அது என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தால் கை முதலில் தேனுக்குத்தான் போயிருக்கும். இப்போது எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே குளுக்கோஸ் பெட்டி ஒன்று எப்போதும் இருக்கிறது.

நாட்டு மருந்தில் ஒன்றுமில்லை என்று சொல்பவர்கள் ஒரு பக்கம். இயற்கையானது, ஒன்றும் செய்யாது என்று சொல்பவர்கள் மறுபக்கம். இரண்டாவது கூட்டத்தைக் கண்டுதான் எனக்கு அதிகம் பயம். 2020 டிசம்பரில் கொரோனாவுக்கு ஒரு பாணி என்று கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் ஒன்றாகக் குவிந்ததை நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்தோம். தேனும் சாதிக்காயும் சேர்ந்த அந்தப் பாணி நோயைத் தடுக்கவில்லை. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேதத்தோடு சித்தத்தையும் யூனானியையும் ஏற்றுக்கொண்டது. அந்தத் துறைகளைப் பல்கலைக்கழகத்தில் படிக்கவும் முடிகிறது. சித்த மருத்துவத்துக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமே இருக்கிறது. உயிரியல் பிரிவில் இருந்துகொண்டு எம்.பீ.பீ.எஸ். ஒன்றையே கனவு காணும் தோழியர் இதையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பெயர்த்துண்டு எழுதும் வேலை இரண்டு நாள் எடுத்தது. ஒவ்வொரு போத்தலிலும் ஆறு விசயம் எழுதினேன்: செடியின் பெயர், வேரா இலையா பட்டையா, எதில் ஊறியது, ஊறவைத்த திகதி, எவ்வளவு குடிப்பது, யாருக்கு ஆகாது. பூசுகிற எண்ணெய்களுக்குச் சிவப்புப் பேனையால் "குடிக்கக் கூடாது" என்று எழுதினேன். கொப்பியின் ஒரு பிரதியைக் கிளினிக் கொப்பிக்குள் செருகினேன். அடுத்த மாதம் அதை டொக்டர் முழுவதுமாக வாசித்தார். கிண்ணத்தையும் பாகற்காய்த் தூளையும் வெட்டினார். கை மருந்தெல்லாம் வேண்டாமென்று ஏசுவார் என்று மூத்தம்மா பயந்துகொண்டுதான் போனார். டொக்டர் அவரிடம் மூட்டு வலி எண்ணெயை எப்படிக் காய்ச்சுவது என்று கேட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கதைதான்.

எட்டுப் போத்தலுக்குத்தான் பெயர் எழுத முடிந்தது. ஒன்பதாவது, அந்தக் கோடியல் போத்தல், கறுத்துத் தடித்துப் போன ஏதோ ஒன்று. மூத்தம்மா முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார். ஒரு சொட்டை விரலில் தொட்டு வெளிச்சத்தில் பார்த்தார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"தெரியல்ல புள்ள" என்றார் கடைசியில். "கொண்டுபோய் ஊத்து."

கிணற்றடி மணலில் கொட்டிப் போத்தலைக் கழுவிக்கொண்டு வந்தேன். மூத்தம்மா மற்ற எட்டையும் ஒவ்வொன்றாகத் திருப்பித் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த எழுத்தக் கொஞ்சம் பெரிசா எழுதித் தா, மகள். எனக்கும் கண் தெரியோணுமே."